காற்றின் அளவு மாறாது, குளிர்ச்சி மாறும்

சித்திரை, வைகாசி வெயிலில் திருச்சியின் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். அந்த வெயிலிலும் ஸ்ரீரங்கத்தின் பழைய முற்றத்து வீடுகளில் காற்று ஓரளவு நடமாடும். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலேறும். அதன் இடத்தை நிரப்ப வாசல், கொல்லை வழியாக வேறு காற்று உள்ளே வரும். வெப்பச்சலனத்துக்கு நம் ஊரிலேயே உள்ள எடுத்துக்காட்டு இது.

2024 ஜனவரி 2 அன்று திறந்துவைக்கப்பட்ட திருச்சி விமான நிலையப் புதிய முனையம் போன்ற பெரிய, குளிரூட்டப்பட்ட கட்டடங்களில் சன்னலைத் திறந்துவைத்துச் சமாளிக்க முடியாது. இத்தகைய கட்டடங்களுக்குள் காற்றை இயந்திரமே கொண்டுவர வேண்டும். அதற்கான முறைகளில் எளியது ‘மாறாக் காற்றளவு முறை’.

எப்படி வேலை செய்கிறது?

அறையிலிருந்து திரும்பும் காற்றில் ஒரு பகுதி வெளியேற்றப்படும். மீதியுடன் வெளிக்காற்று கலக்கும். இந்தக் கலவை வடிகட்டியைக் கடந்து, குளிர்நீர் ஓடும் குழாய்ச்சுருளில் பட்டுக் குளிரும். பிறகு மின்விசிறி அதைக் குழல்கள் வழியே அறைக்குள் தள்ளும். விசிறியின் வேகம் மாறாது. அறையில் பத்துப் பேர் இருந்தாலும் நூறு பேர் இருந்தாலும் வரும் காற்றின் அளவு ஒன்றே. மாறுவது அதன் வெப்பநிலை மட்டும். வெப்பநிலை உணரி தரும் தகவலுக்கு ஏற்பக் குளிர்நீர் வால்வு கூடுதலாகவோ குறைவாகவோ திறக்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வினாடிக்கு 1 கனமீட்டர் காற்று வருகிறது; அதன் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். காற்றின் தன்வெப்ப ஏற்புத்திறன் சுமார் 1,000 ஜூல்/கி.கி. கெல்வின். அறை 25 டிகிரியிலும் உள்ளே வரும் காற்று 15 டிகிரியிலும் இருந்தால், 1.2 × 1,000 × 10 = 12,000 வாட் வெப்பம் அகற்றப்படும். கூட்டம் குறைந்து பாதி வெப்பமே அகற்ற வேண்டுமானால், 20 டிகிரிக் காற்றே போதும்.

நிறையும் குறையும்

அமைப்பு எளிது, பழுதுபார்ப்பதும் எளிது. வெளிக்காற்றும் சீராகக் கிடைக்கும். ஆனால் ஆளே இல்லாதபோதும் விசிறி முழு வேகத்தில் சுழலும். விசிறிக்கான திறன் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தாலே திறன் ஏறக்குறைய பாதியாகும். அதனால்தான் காற்றளவை மாற்றும் முறைகள் பின்னர் பரவின. பல அறைகளுக்கு ஒரே உணரி இருந்தால், மேற்கு வெயில் படும் அறை புழுங்கும். அடுத்த அறை நடுங்கும்.

நம் வகுப்பறைக்கு

நமக்கு முக்கியமானது இதுதான்: மின்விசிறி இருக்கும் காற்றைச் சுழற்றுமே தவிர, புதுக்காற்றைக் கொண்டுவராது. சுவரில் மாட்டும் சாதாரண ஏ.சி.யும் பெரும்பாலும் அறைக்காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. கணினி ஆய்வகத்தையும் திரையிடும் வகுப்பறையையும் முழுக்க அடைத்துவைத்தால் கார்பன் டைஆக்சைடு சேரும். மாணவர்களுக்குச் சோர்வும் தூக்கமும் வரலாம். சளி, காய்ச்சல் பரவவும் வாய்ப்பு கூடும். பின்வரிசைக் குழந்தை கொட்டாவி விடுவதற்குக் காரணம் பாடமாகவே இருக்க வேண்டியதில்லை.

மாணவர்களை அளக்கச் சொல்லுங்கள். 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையின் கொள்ளளவு 108 கனமீட்டர், அதாவது 1,08,000 லிட்டர். 40 மாணவர்களுக்கு, ஒருவருக்கு வினாடிக்கு 5 லிட்டர் வீதம் 200 லிட்டர் வெளிக்காற்று வேண்டும் எனக் கொள்வோம். அப்படியானால் 540 வினாடிக்கு, அதாவது 9 நிமிடத்துக்கு ஒருமுறை, அறையின் கொள்ளளவுக்குச் சமமான புதுக்காற்று வர வேண்டும்.

அடுத்து, மெல்லிய காகித நாடாவை ஒவ்வொரு சன்னலிலும் கதவிலும் பிடித்துப் பார்க்கட்டும். காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று வகுப்பறை வரைபடத்தில் அம்புக்குறியிடட்டும். எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்தும் மூடியும் ஒப்பிடட்டும். அலமாரியோ அட்டைப்பெட்டியோ மறைத்திருக்கும் சன்னல் ஒன்று இருந்தால், அதை அன்றே விடுவித்துவிடலாம்.