குளிர்நீருக்குள் உருவாகும் மின்கலம்

கணினியின் செயலி வெளியிடும் வெப்பத்தை அகற்ற விசிறி மட்டும் போதாத நிலையில், நீரைச் சுழலவிட்டுக் குளிர்விக்கும் முறை கையாளப்படுகிறது. செயலியின் மேல் அமரும் ‘வாட்டர் பிளாக்’ என்னும் செப்பு வெப்பமாற்றியிலிருந்து சூடேறிய நீரைப் பம்ப் ரேடியேட்டருக்குச் செலுத்த, அங்கே ஆறிய நீர் மீண்டும் திரும்புகிறது. அந்த ரேடியேட்டர் அலுமினியத்தால் ஆனதாக இருந்தால், முறையான தடுப்பு இல்லாத நிலையில் அது உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது.

வேறுபட்ட இரு உலோகங்கள் மின்கடத்தும் நீர்மத்தில் நனைந்து, ஒன்றோடொன்று மின்தொடர்பும் கொள்ளும்போது அங்கே ஒரு மின்கலம் உருவாகி, எலக்ட்ரான்களை எளிதில் இழக்கும் உலோகம் அயனிகளாகக் கரைகிறது. இதுவே கால்வானிக் அரிமானம். திட்ட மின்முனை அழுத்தம் செம்புக்கு +0.34 வோல்ட், அலுமினியத்துக்கு −1.66 வோல்ட் என்பதால் கரைவது அலுமினியமே. அதைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் சிதையும் இடங்களில் குழிகள் விழ, கரைந்த உலோகம் வெண்ணிறக் கூழான ஹைட்ராக்சைடாகி, வாட்டர் பிளாக்கினுள் மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளிகளில் அமைந்த நுண்தகடுகளை அடைத்துவிடுகிறது.

1761ஆம் ஆண்டில் ‘அலாரம்’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலின் அடிப்பாகத்தில் செப்புத் தகடுகள் வேயப்பட்ட பின், அவற்றைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் இதே முறையில் அரித்துப்போக, இடையில் பழுப்புத்தாள் தங்கியிருந்த ஆணிகள் தப்பின. ஆனால், தொடர்பைத் துண்டிக்கும் இந்த உபாயம் குளிர்நீர்ச் சுற்றில் முழுப் பயன் தருவதில்லை. ரப்பர் குழாய்கள் உலோகங்களைப் பிரித்து வைத்தாலும், நீரில் கரைந்த செப்பு அயனிகள் அலுமினியத்தின் மேல் படிந்து, அங்கேயே எண்ணற்ற நுண்கலங்களைத் தோற்றுவிக்கின்றன.

ஆகவே உறுதியான தடுப்பு, செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு ஆகிய நெருங்கிய மின்னழுத்தமுடைய உலோகங்களை மட்டும் ஒரே சுற்றில் சேர்த்து, அலுமினியத்தை விலக்குவதே ஆகும். காய்ச்சி வடித்த நீர் தொடக்கத்தில் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தினாலும், காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடையும் உலோகங்களிலிருந்து அயனிகளையும் ஏற்று நாளடைவில் மின்கடத்தியாகிவிடுவதால், செம்பின் மேல் காப்புப்படலம் அமைக்கும் பென்சோட்ரையசோல் போன்ற அரிமானத் தடுப்பான்களும் தேவைப்படுகின்றன. ஆலையிலேயே நிரப்பி மூடப்படும் பல அமைப்புகளில் செம்பும் அலுமினியமும் சேர்ந்திருந்தும் நிலைப்பது இத்தகைய தடுப்பான்களால்தான். எனினும் அவை காலப்போக்கில் செலவழிந்து தீர்பவை. நீர்மத்தை உரிய காலத்தில் மாற்றுவது இன்றியமையாதது என்றாலும், உதிரிபாகங்களை வாங்கும்போதே உலோகத்தை விசாரித்துத் தேர்வதுதான் நிலையான காப்பாகும்.