கொன்றை என்று கேட்டால் எந்தக் கன்றைத் தருவார்கள்? வீட்டுக்கு ஏற்ற மஞ்சள் பூ மரம் எது?

ஏப்ரல், மே வந்தால் போதும். இலை தெரியாமல் சரம் சரமாகத் தொங்கும் மஞ்சள் பூக்களைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பவர்கள் அதிகம். அதே வேகத்தில் "நம்ம வீட்டு வாசல்லயும் ஒண்ணு வைக்கலாமே" என்ற ஆசையும் வரும். நல்ல ஆசைதான். சிக்கல் நர்சரியில் தொடங்குகிறது. "கொன்றை வேணும்" என்று கேட்டால் நான்கு வெவ்வேறு மரங்களில் ஏதாவது ஒன்று கைக்கு வரலாம். கன்றாக இருக்கும்போது எல்லாமே பச்சைதான். பத்து வருடம் கழித்து ஒன்று வாசலுக்கு அழகாக நிற்கும், இன்னொன்று காம்பவுண்டு சுவரில் சாய்ந்து நிற்கும்.

அதனால் பூவின் நிறத்தை மட்டும் பார்க்காமல் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: இடம், காற்று, மரத்தின் சொந்த ஊர்.

ஒரே பெயர், நான்கு மரங்கள்

சரக்கொன்றை: எல்லோரும் மனதில் வைத்திருப்பது இதைத்தான். இந்தியத் துணைக்கண்டத்தின் சொந்த மரம். கேரளத்தின் மாநில மலர், விஷுக்கணியில் வைக்கும் பூ. தாய்லாந்தின் தேசிய மலரும் இதுதான். பூங்கொத்து கீழ்நோக்கித் தொங்கும். இலைக்காம்பில் பெரிய, அகலமான சிற்றிலைகள் சில ஜோடிகள் மட்டுமே இருக்கும். காய் நீளமான கறுப்புக் குழாய் மாதிரி இருக்கும்.

இயல்வாகை: பெருங்கொன்றை என்றும் சொல்வார்கள். நகரச் சாலையோரங்களில் பரவலாக இருப்பது. இலை புளிய இலையைப் போலப் பொடிப்பொடியாக இருக்கும். பூங்கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். செம்பு நிறத்தில் தட்டையான காய்கள் மரம் முழுக்கத் தொங்கும்.

சென்னா சயாமியா: மஞ்சள் கொன்றை என்ற பெயரில் பல இடங்களில் நட்டிருப்பது இது. சிற்றிலைகளின் நுனி மழுங்கி வட்டமாக இருக்கும். பூங்கொத்து கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும்.

சென்னா ஸ்பெக்டாபிலிஸ்: இதற்கும் மஞ்சள் கொன்றை என்றே பெயர். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. சிற்றிலைகள் கூர்நுனியோடு, அதிக ஜோடிகளாக இருக்கும். பூ கண்ணைப் பறிக்கும். ஆனால் இதைத்தான் தவிர்க்க வேண்டும்.

அழகாக இருக்கிறதே, ஏன் தவிர்க்கணும்?

அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட இந்த மரம் முதுமலை, சத்தியமங்கலம், வயநாடு காடுகளுக்குள் புகுந்து பெருகிவிட்டது. இது அடர்ந்து வளரும் இடத்தில் புல்லும் நாட்டுச் செடிகளும் தலைதூக்க முடிவதில்லை. மானுக்கும் யானைக்கும் மேய்ச்சல் குறைகிறது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும், விதையும் ஏராளம். அந்நியப் படையெடுப்புத் தாவரங்களை அகற்ற 2022இல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. வனப்பகுதிகளில் வெட்டப்படும் இந்த மரங்கள் காகிதக்கூழ் தயாரிக்க அனுப்பப்படுகின்றன.

சென்னையில் ஒரு வீட்டில் நட்டால் முதுமலைக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஆனால் ஊட்டி, ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் வீடோ தோட்டமோ வைத்திருப்பவர்கள் நிறைய. அங்கே நட்ட மரத்தின் விதை வேலி தாண்ட அதிக காலம் ஆகாது. அதே மஞ்சள் நிறத்துக்கு நாட்டு மரம் இருக்கும்போது இந்த வம்பு தேவையில்லை.

வர்தா சொல்லிக்கொடுத்த பாடம்

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னையைக் கடந்த அன்று ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சாய்ந்தவற்றில் இயல்வாகை, குல்மோஹர் போன்ற வெளிநாட்டு அலங்கார மரங்கள் நிறைய. வேகமாக உயர்ந்து குடைபோல் விரியும் மரத்தில் காற்று முழுசாக மோதும். சுற்றிலும் சிமென்ட் போட்டு மூடியிருந்தால் வேர் பரவ இடமும் இருக்காது. பிறகு விழாமல் என்ன செய்யும்?

இயல்வாகை கெட்ட மரம் இல்லை. பூங்கா, கல்லூரி வளாகம், பண்ணை வீடு என்று விரிந்த இடத்தில் அருமையான நிழல் தரும். ஆனால் 50 அடிக்கு மேல் வளரும் மரத்தை அரை கிரவுண்டு மனையில், கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் வைப்பதுதான் தவறு.

உங்கள் இடத்துக்கு எது?

அரை கிரவுண்டு, முன்பக்கம் 10 அடிக்கு மேல் காலி இடம் உண்டு: சரக்கொன்றை. பொதுவாக 30 முதல் 40 அடி வரை வளரும், குடை ரொம்ப அகலமாக விரியாது. ஒரு விஷயத்துக்கு மட்டும் தயாராக இருங்கள். பூப்பதற்கு முன் இலை உதிரும், பூத்தபின் பூ உதிரும். தினமும் கூட்டிப் பெருக்க வேண்டும். காயின் சதை பேதியாக்கும் தன்மை கொண்டது. குழந்தைகள் எடுத்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கவாட்டில் 4 அடி சந்துதான் இருக்கிறது: மரம் வேண்டாம். ஆவாரை வையுங்கள். நம் வறண்ட நிலத்துச் செடி, ஆள் உயரத்தோடு நின்றுவிடும், தண்ணீர் அதிகம் கேட்காது. கொங்குப் பகுதியில் பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பயன்படுவது இந்த ஆவாரம்பூதான்.

கடற்கரைப் பக்கம், ஈசிஆர், நாகை, தூத்துக்குடி: பூவரசு. உப்புக்காற்றையும் உவர் மண்ணையும் தாங்கும். காலையில் மஞ்சளாக மலரும் பூ மாலைக்குள் சிவந்துவிடும். வருடத்தில் பல மாதம் பூக்கும். இலையைச் சுருட்டி பீப்பீ ஊதிய தலைமுறைக்கு அறிமுகம் தேவையில்லை.

அபார்ட்மென்ட் பால்கனி: மணி வடிவ மஞ்சள் பூக்களுடன் வரும் டெக்கோமாவின் குட்டை ரகம் பெரிய தொட்டியில் வளரும். குறைந்தது பாதி நாளாவது நேரடி வெயில் விழ வேண்டும். தரையில் வைப்பதானால் விதை முற்றும் முன் பூங்கொத்துகளை வெட்டிவிடுங்கள். காற்றில் பறக்கும் விதை என்பதால் பல நாடுகளில் இது களையாகப் பரவியிருக்கிறது.

சின்னக் குழந்தைகள், நாய், பூனை இருக்கும் வீடு: மஞ்சள் அரளி வேண்டவே வேண்டாம். சிறிய மரம், பராமரிப்பு குறைவு என்று நர்சரியில் சிபாரிசு செய்வார்கள். ஆனால் அதன் எல்லாப் பாகமும் விஷம், குறிப்பாக விதை. இதயத் துடிப்பையே பாதிக்கும்.

பெங்களூரில் பார்த்த மஞ்சள் டபேபுயாவைக் கேட்பவர்களும் உண்டு. தென் அமெரிக்க மரம். பிப்ரவரி, மார்ச்சில் பூத்தால் காட்சி பிரமாதம்தான். பலத்த காற்றில் கிளை முறியக்கூடும் என்பதால், புயல் வரும் கடலோர ஊர்களில் வீட்டை ஒட்டி வைக்காமல் இருப்பது நல்லது.

நடும்போது கவனிக்க வேண்டியவை

* சம்ப், செப்டிக் டேங்க், சுவர் ஆகியவற்றிலிருந்து சரக்கொன்றை அளவு மரத்துக்குக் குறைந்தது 8 முதல் 10 அடி தள்ளிக் குழி எடுங்கள். தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள்.
* 2 அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி போதும். எடுத்த மண்ணோடு மக்கிய தொழு உரம் கலந்து நிரப்பலாம்.
* பையிலிருந்து எடுக்கும்போது வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் அதை வெட்டியோ பிரித்தோ விடுங்கள். சுருண்ட வேரோடு வளரும் மரம்தான் பின்னாளில் காற்றுக்கு முதலில் சாயும்.
* பையில் இருந்த மண் மட்டம்தான் தரையிலும் மட்டம். தண்டைப் புதைக்கக் கூடாது.
* அடிமரத்தைச் சுற்றி டைல்ஸ், சிமென்ட் வேண்டாம். நாலுபக்கமும் 3 அடியாவது மண் தெரியட்டும்.
* முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் கட்டாயம். பிறகு மழையே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும்.
* கேட்டுக்கு வெளியே நடுவதானால் அது பொது இடம். உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டு நடுங்கள்.

சரக்கொன்றை வைத்தபின் இலையில் பச்சைப் புழுக்கள் தென்பட்டால் மருந்து அடிக்க ஓடாதீர்கள். பெரும்பாலும் அது கொன்றை இலையைத் தின்று வளரும் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கும். இலை மறுபடி துளிர்த்துவிடும். விதையிலிருந்து வளர்த்த மரம் பூக்கச் சில வருடம் ஆகும், பொறுமை வேண்டும்.

நர்சரிக்குப் போகும்போது "கொன்றை" என்று மட்டும் சொல்லாமல் "சரக்கொன்றை, காசியா ஃபிஸ்டுலா" என்று முழுப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கன்றின் இலை பெரிதாக, அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் "அண்ணே, இதோட தாய்மரம் எங்க இருக்கு?" என்றும் கேட்டுவிடுங்கள். அதை நேரில் பார்த்தால், உங்கள் வாசலில் அதற்கு இடம் இருக்கிறதா இல்லையா என்று வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும்.