“அந்தக் காலம் மாதிரி வருமா?”



தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமம். மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து, கடன் கேட்டவர்களின் மனுவைப் பேசிக்கொண்டிருந்த நேரம். கூட்டம் நடந்த வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். குழு ஊக்குநரின் மாமியார். வயது எழுபத்தைந்து இருக்கும். யாரையும் பார்க்காமல், தெருவைப் பார்த்தபடியே சொன்னார்: “எங்க காலத்துல ஒரு ஊட்டுல கொழம்பு கொதிச்சா நாலு ஊட்டுக்குக் கிண்ணம் போவும். இப்ப ஒரே ஊட்டுக்குள்ள நாலு பேரு, நாலு போனு.”

நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. “தெனமும் இதே பேச்சுதாங்க. எதுக்கெடுத்தாலும் அந்தக் காலம், அந்தக் காலம். நான் சங்கத்துக்கு வர்றதும் குத்தம், பேங்குக்குப் போறதும் குத்தம்” என்றார். பாட்டி எழுந்து உள்ளே போய்விட்டார்.

கூட்டம் முடிந்தது. ஆனால் அந்தக் காட்சி எங்கள் மனதை விட்டுப் போகவில்லை. பிறகு போன குழுக்களில் எல்லாம் இதைப் பற்றிக் கேட்டோம். அநேகமாக எல்லா வீட்டிலும் இதே கதைதான். பெரியவர்கள் பழசைச் சொல்கிறார்கள். சின்னவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நாளாக நாளாகப் பேச்சே குறைந்து போகிறது. எனவே இந்த மாதம் இதைப் பற்றியே நாம் கொஞ்சம் யோசிப்போம்.

ஏன் பழசையே பேசுகிறார்கள்?

முதல் காரணம், மனித மூளையே அப்படித்தான். வயதானவர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் நடுவில் நடந்தவைதான் அதிகமாக வருகின்றன என்று நினைவாற்றலை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். கல்யாணம், முதல் குழந்தை, முதல் அறுவடை எல்லாம் அந்த வயதில்தான். உடம்பில் தெம்பு இருந்த காலம் அது. ஆகவே “அந்தக் காலம் நல்லா இருந்துச்சு” என்று சொல்லும்போது, “அப்போது நான் நன்றாக இருந்தேன்” என்பதும் அதில் சேர்ந்துதான் இருக்கிறது.

இரண்டாவது காரணம், வீட்டில் அவர்களுக்கு இருந்த இடம் போய்விட்டது. எந்த மாதம் எதை விதைக்க வேண்டும், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன கொடுக்க வேண்டும், விதை தானியத்தைச் சாம்பல் கலந்து எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர்களைக் கேட்டுத்தான் நடந்தது. இன்று விதை கடையில் வருகிறது. மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிறது. மழை வருமா என்று பேரன் போனைப் பார்த்துச் சொல்கிறான். அவர்களிடம் கேட்பதற்கு யாருக்கும் ஒன்றும் இல்லை. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்ற இரண்டு கேள்வியோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால்தான் கேட்காமலேயே சொல்ல ஆரம்பிக்கிறார்கள்.

அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறதா?

இருக்கிறது. அதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஒருவர் நிலத்தில் நடவு என்றால் அக்கம்பக்கத்தார் எல்லோரும் இறங்கி வேலை செய்தார்கள். பதிலுக்கு அடுத்தவர் நிலத்துக்கு இவர் போனார். கையில் காசு இல்லாமலே வேலை நடந்தது. ராகி, சாமை, கம்பு என்று பல தானியம் விளைந்தது. இப்போது சர்க்கரை நோய்க்காக மருத்துவர் சொல்லி, அதே சாமையைக் கடையில் அதிக விலை கொடுத்து வாங்குகிறோம். ஏரி தூர் வாருவது ஊர்ப் பொது வேலையாக இருந்தது. இப்போது பல ஏரிகளில் சீமைக் கருவேல மரம்தான் நிற்கிறது.

இன்னொரு உண்மையும் உண்டு. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். குடும்பமும் சிறியதாகிவிட்டது. தமிழ்நாட்டில் 1971-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கு குழந்தைகள். 2020-ல் அது ஒன்றரைக்கும் கீழே வந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் பத்தில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர். பெரியவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், பார்த்துக்கொள்ளும் கைகள் குறைந்துகொண்டே போகின்றன. ஆகவே தனியாகிவிட்டோம் என்று அவர்கள் சொல்வதை வெறும் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது.

அவர்கள் சொல்லாமல் விடுவது என்ன?

அடுத்த வாரம் அந்தப் பாட்டியைப் பார்க்க மறுபடியும் போனோம். அவரோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, “அந்தக் காலத்துல கஷ்டம் எதுவுமே இல்லையா பாட்டி?” என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது.

“நெல்லுச்சோறு தீவாளிக்கும் பொங்கலுக்குந்தான். மத்த நாளுக்குக் களி. அதுவும் ஆம்பளைங்க தின்ன பொறவு, சட்டியில ஒட்டியிருந்தா எங்களுக்கு.”

“தண்ணிக்கு ரெண்டு மைல் போவணும். அந்தத் தண்ணியக் குடிச்சித்தான் இந்தப் பல்லு இப்படிக் காவி ஏறிப்போச்சி.” நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பற்களில் கறை, எலும்பில் வலி என்று இரண்டு மூன்று தலைமுறை அவதிப்பட்டது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் வந்தது.

“பதினாலு வயசுல கட்டிக் குடுத்தாங்க. ஆறு பெத்தேன். இருக்கறது மூணு.” இது அவர் ஒருவரின் கதை இல்லை. 1971-ல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-ல் அது 13 ஆகக் குறைந்தது.

இறந்த மூன்றில் ஒன்றைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது. “மூணாவதும் பொண்ணு. எட்டு நாளுதான் இருந்தா. மாமியா பேச்சுக்கு மறுபேச்சு உண்டா அப்ப?” அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மருமகள் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தார். பல வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவருக்கு அது தெரியாது.

சகோதரிகளே, பெண் சிசுக்கொலை நம் மாவட்டத்தின் தீராத வடு. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கியதும், பிறகு 2001-ல் தருமபுரிக்கும் வந்ததும் இதற்காகத்தான். “அந்தக் காலத்தில்” எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று சொல்கிறோமே, அந்த எல்லோரும் என்பதில் யார் யார் இருந்தார்கள் என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்குக் குழம்புக் கிண்ணம் போனது உண்மை. சேரிக்குப் போனதா? ஊர்க் கிணற்றில் எல்லோரும் தண்ணீர் எடுத்தார்களா? டீக்கடையில் எல்லோருக்கும் ஒரே டம்ளரா? பெண்ணுக்குச் சொத்தில் பங்கு இருந்ததா? தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் திருத்திய பிறகுதானே பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை வந்தது? நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆயிற்று. அதே 1989-ல்தான் நம் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு சுய உதவிக் குழுக்களும் தொடங்கின.

ஆக, எல்லாம் நல்லதாகவும் இல்லை, எல்லாம் கெட்டதாகவும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம்.

மாற்றம் ஏன் பயமாக இருக்கிறது?

பாட்டியின் பயத்தையும் கேட்டோம். பேத்தி கல்லூரிக்குப் பஸ்ஸில் போகிறாள். “எவனாவது ஏதாவது பண்ணிட்டா? ஊரு என்னா பேசும்?” என்கிறார். மகன் தினமும் குடித்துவிட்டு வருகிறான், அது ஒரு பயம். மருமகள் கடன் மேல் கடன் வாங்குகிறாள், அது ஒரு பயம்.

இதில் நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். குடியைப் பற்றிய பயம் சரியான பயம். பல இடத்தில் வாங்கி, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவதைப் பற்றிய பயமும் சரிதான். நாமே நம் கூட்டங்களில் அதை எச்சரிக்கிறோம். ஆனால் பேத்தி படிக்கப் போவதைப் பற்றிய பயத்துக்கு, பேத்தியை வீட்டில் உட்கார வைப்பது பதில் ஆகாது. 1971-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். 2011-ல் அது நூற்றுக்கு 73 பேர். இந்த இடத்துக்கு வர நாம் பட்ட பாடு கொஞ்சமா? பாட்டிக்குக் கோபமாகப் பதில் சொல்லாமல், பேத்தி எந்த பஸ்ஸில் போகிறாள், யாரோடு போகிறாள், எத்தனை மணிக்கு வருவாள் என்று தினமும் சொல்லிவிட்டுப் போனாலே பாதி பயம் போய்விடும். தெரியாததுதான் பயத்தைப் பெரிதாக்குகிறது.

நாம் என்ன செய்யலாம்?

ஒன்று: மாதக் கூட்டத்தில் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, ஊரில் ஒரு பெரியவரை அழைத்துப் பேச வைக்கலாம். நல்லதையும் சொல்லட்டும், பட்ட கஷ்டத்தையும் சொல்லட்டும். நம் பெண் பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்கட்டும்.

இரண்டு: அவர்களிடம் ஏதாவது ஒன்றைக் கேட்டுச் செய்வோம். விதை சேமிப்பு, சாமைச் சோறு பக்குவம், மூலிகை, தாலாட்டு என்று எது தெரியுமோ அது. சிறுதானியத் தொழில் செய்யும் குழுக்களுக்கு இது லாபமும்கூட. முதியோருக்கென்றே தனிக் குழு அமைக்கவும் வழி இருக்கிறது. உங்கள் ஊரில் பத்துப் பேர் இருந்தால் முயன்று பாருங்கள்.

மூன்று: ஆதரவு இல்லாத முதியவர்களுக்கு உதவித்தொகை கிடைக்கிறதா என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் இந்த உதவித்தொகை 1962-ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2023-ல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அறுபது வயது ஆகி, வருமானம் இல்லாதவர்கள் இ-சேவை மையத்தில் மனுப் போடலாம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் வேண்டும். கூடவே ஒருவர் போனால் அவர்களுக்குத் தெம்பாக இருக்கும்.

நான்கு: பெற்றோரைப் பிள்ளைகள் கைவிட்டால் கேட்க 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். அவர்களால் முடியாவிட்டால், அவர்கள் அனுமதியோடு வேறு ஒருவரோ ஓர் அமைப்போ கொடுக்கலாம். நிலத்தையோ வீட்டையோ பிள்ளைக்கு எழுதி வைக்கும் பெரியவர்கள், “எங்களைக் கடைசி வரை பராமரிக்க வேண்டும்” என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். அப்படி எழுதியிருந்து பிள்ளை பார்க்கவில்லை என்றால், அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கச் சட்டம் இடம் தருகிறது. அவசர உதவிக்கு முதியோர் உதவி எண் 14567.

ஐந்து: இது செலவே இல்லாதது. ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது போனைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவோம்.

இந்த மாதக் கூட்டத்துக்குப் போனபோது அந்தப் பாட்டி திண்ணையில் இல்லை. உள்ளே, எங்களோடு பாயில் உட்கார்ந்திருந்தார். போனைப் பற்றிய புலம்பல் மட்டும் நிற்கவில்லை. ஆனால் கூட்டம் முடிந்து மருமகள் வங்கிக்குக் கிளம்பியபோது, “வெயிலா இருக்குது, தலையில துணியப் போட்டுக்கினு போ” என்றார். மருமகள் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, துணியை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார்.

உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள், சகோதரிகளே. இன்னும் இருபது, முப்பது வருடத்தில் அதே திண்ணையில் உட்கார்ந்து, “எங்க காலத்துல சங்கம் இருந்துச்சு” என்று நாமும் சொல்லப் போகிறோம். அப்போது கேட்க ஒரு காது வேண்டும் என்றால், இப்போது நாம் கேட்டுப் பழக வேண்டும்.