தட்டில் ஒரு விலை, பற்றுச்சீட்டில் வேறு விலை



நோன்புப் பெருநாளுக்குச் சாமான் வாங்க, குடும்பத்தோடு ஒரு பெரிய கடைக்குச் சென்றிருந்தோம். சலவைத் தூள் இருந்த தட்டில் 480 ரூபா என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து மனைவி பற்றுச்சீட்டைப் பார்த்தபோது, 560 ரூபா எடுத்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உடனே திரும்பிப் போய்க் கேட்கப் புறப்பட்டேன்.

அதற்குள் மகள் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழப் பெட்டியை எடுத்தாள். அதன் விலை பற்றுச்சீட்டில் இல்லவே இல்லை!

"வாப்பா, எண்பது ரூபாவக் கேக்கப் போறீங்க. இதையும் சொல்லுவீங்கதானே?" என்றாள். நான் வாயடைத்து நின்றேன்.

பிழை எங்கே நேர்கிறது?

பொதிகளில் உள்ள பார்கோட் கோடுகளில் விலை இருப்பதில்லை. பொருளின் இலக்கம் மட்டுமே உண்டு. 1974இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சுயிங்கம் பொதியோடு கடைக்கு வந்த முறை இது. விலை கடையின் கணினியில் இருக்கிறது. தட்டிலுள்ள சீட்டை ஓர் ஊழியர் கையால் மாற்ற வேண்டும். கணினியில் விலை ஏறி, சீட்டு மாறாமல் இருந்தால் பிழை பிறக்கிறது. கழிவுக் காலம் முடிந்தும் பலகையை இறக்காமல் விடுவதும் உண்டு. "இரண்டு வாங்கினால் மட்டும்" என்ற நிபந்தனை சின்ன எழுத்தில் ஒளிந்திருப்பதும் உண்டு.

மறதியால் வந்தது பிழை. தெரிந்தும் பலகையை விட்டுவைத்தால் அது மோசடி. ஈரமான தானியத்தைக் குவியலுக்கு அடியில் மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நாம் அறிந்ததே.

நமக்குள்ள உரிமை

கொடுக்கல் வாங்கல் முடிந்து இருவரும் பிரியும்வரை, "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை மார்க்கத்தில் உண்டு. நாட்டுச் சட்டமும் துணை நிற்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், பாவனையாளரை ஏமாற்றும் நடத்தையைத் தடை செய்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டும். பொதியில் அச்சிட்ட உச்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது குற்றம். "கணினி அப்படித்தான் காட்டுகிறது" என்பது பதிலாகாது. முறையிட 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

ஆகவே, பெயரோடு அளவையும் பார்த்து எடுங்கள். காசு கொடுக்கும்போது திரையைக் கவனியுங்கள். பற்றுச்சீட்டைக் கடை வாசலிலேயே சரிபாருங்கள். வித்தியாசம் இருந்தால் வெட்கப்படாமல், குரலை உயர்த்தாமல் கேளுங்கள்.

தராசு இரு பக்கமும்

அல்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம், தனக்கு நிறைவாக வாங்கி, பிறருக்குக் குறைத்துக் கொடுப்போரை எச்சரிக்கிறது. அது கடைக்காரருக்கு மட்டுமென்று எண்ணியிருந்தேன். 80 ரூபாவுக்குக் கொதித்து, பேரீச்சம்பழத்துக்கு மௌனம் காத்திருந்தால் நானும் அவர்களில் ஒருவன்தானே!

மகளையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். இரண்டையும் சொன்னேன். முகாமையாளர் 80 ரூபாவைத் திருப்பித் தந்தார். தட்டிலிருந்த சீட்டையும் மாற்றச் சொன்னார். பேரீச்சம்பழத்துக்குரிய காசைக் கொடுத்தபோது, காசாளராக இருந்த பிள்ளை பெருமூச்சு விட்டாள். மாலையில் கணக்குக் குறைந்தால் அவள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

அன்று நோன்பு திறக்க அந்தப் பேரீச்சம்பழத்தையே எடுத்தோம். மன நிம்மதியோடு உண்டோம், அல்ஹம்துலில்லாஹ்.