அதிவிரைவு மீட்சி இருவாயிகள்

மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடுவது இருவாயி. ஆயினும், அழுத்தம் திசைமாறிய அக்கணமே அது ஓட்டத்தைத் தடுத்துவிடுவதில்லை. முன்னர்ப் பாய்ந்த ஓட்டத்தாற் சந்தியருகே தேங்கிய ஏற்றம் நீங்கும்வரை எதிர்த்திசையிலும் ஓட்டம் பாயும். அக்கால அளவே மீட்சிநேரம் எனப்படும்.

1என்4007 என்னும் சாதாரண இருவாயியில் இது சில மைக்கிரோசெக்கனாகும். வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்றுடையது. ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெக்கன் செல்லுமாதலின் அத்தாமதம் பொருட்டன்று. செக்கனுக்கு 1,00,000 முறை ஆளியிடும் மின்வழங்கியிலோ ஒரு சுற்றே 10 மைக்கிரோசெக்கன்தான். அங்கே அவ்விருவாயி சூடேறி அழிவதோடு, உடனியங்கும் திரான்சிற்றரையும் அழிக்கக்கூடும்.

அவ்விடத்துக்குரியது யூஎஃப்4007. இதுவும் 1 அம்பியர், 1000 வோல்ற்று அளவினதே; மீட்சிநேரமோ 75 நனோசெக்கனுக்கு மேற்படாது. இத்தகைய அதிவிரைவு இருவாயிகள் பலவற்றில், பொன் அல்லது பிளாற்றினம் சிலிக்கனில் மிகச் சிறிதளவு கலக்கப்படுகின்றது. அதனால் தேங்கிய ஏற்றம் விரைந்து மறைகின்றது.

இவ்விரைவு இழப்பின்றிக் கிட்டுவதன்று. 1 அம்பியர் பாயும்போது முன்னதில் வீழும் அழுத்தம் 1.1 வோல்ற்றுக்குள் அடங்கும், பின்னதில் 1.7 வோல்ற்று வரை உயரலாம். ஆதலின், வீட்டு மின்சாரத்தைச் சீராக்க முன்னதே சாலும். விரைந்து ஆளியிடுமிடத்துப் பின்னதே வேண்டும்.