ஆபீஸ் முடிந்து வீடு வந்தால் ஒரு மணி நேரம்தான்... குழந்தையுடன் நெருக்கம் வளர அது போதுமா?

வேலை எலக்ட்ரானிக் சிட்டியிலோ ஒயிட்ஃபீல்டிலோ. பெங்களூரு டிராஃபிக்கைத் தாண்டி வீடு வந்து சேரும்போது இரவு மணி எட்டு. குழந்தை தூங்க இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கும். 'நம்ம பிள்ளை நம்மைவிட ஆயாகிட்டதான் ஒட்டிக்குது' என்ற கவலை உங்களுக்கும் இருக்கிறதா? ஆய்வுகள் சொல்வது உங்களுக்கு ஓரளவு ஆறுதல் தரும்.

காப்பகத்தில் விட்டால் பாசம் குறையுமா?

அமெரிக்காவில் 1991-ல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். குழந்தை காப்பகத்தில் இருப்பது மட்டுமே தாயுடனான பிணைப்பைப் பாதிப்பதில்லை என்று தெரிந்தது. வீட்டில் பெற்றோர் குழந்தையைக் கவனித்துப் பதில் தருகிறார்களா என்பதே முக்கியம். வீட்டிலும் கவனிப்பு இல்லை, காப்பகமும் சரியில்லை என்றால்தான் சிக்கல் அதிகம்.

குழந்தையால் ஒரே நேரத்தில் பலரிடம் பாசம் வைக்க முடியும். ஆயாவிடமோ பாட்டியிடமோ ஒட்டிக்கொள்வது உங்களிடமிருந்து விலகுவது ஆகாது.

'பதில் தருவது' என்றால் என்ன?

குழந்தை சிரிக்கும், கை நீட்டும், 'ம்மா... ப்பா' என்று ஏதோ சொல்லும். நீங்கள் அதைப் பார்த்துச் சிரித்து, "என்னடா தங்கம், காக்காவா?" என்று கேட்பீர்கள். பூப்பந்து ஆட்டம் மாதிரி அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. மூளை வளர்வதற்கும் பேச்சு வருவதற்கும் இதுதான் அடிப்படை.

பதில் வராவிட்டால்? 1970-களில் எட்வர்ட் டிரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு விளையாடிக்கொண்டிருந்த தாய், சில நிமிடங்கள் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருந்தார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கூப்பிட்டுப் பார்த்தது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. தாய் மறுபடி பேசியதும் மெல்லச் சமாதானம் ஆனது.

நல்ல பெற்றோர்கூட எல்லா நேரமும் குழந்தையின் மனதைச் சரியாகப் புரிந்துகொள்வதில்லை என்பதையும் டிரோனிக் கண்டார். பிசகிய பிறகு மறுபடி சேர்ந்துகொள்வதுதான் பிணைப்பை உறுதியாக்குகிறது.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்யலாம்?

• வீட்டுக்குள் வந்ததும் போனை வேறு அறையில் வையுங்கள். திரையைப் பார்த்தபடி 'ம்... ம்...' கொட்டும் முகமும் குழந்தைக்கு உணர்ச்சியற்ற முகம்தான்.

• குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, தூங்க வைப்பது... இவையே போதும், தனி விளையாட்டு தேவையில்லை. ஒரு வேலையை அப்பா முழுதாக எடுத்துக்கொள்ளட்டும்.

• ஊட்டும்போது வீடியோ வேண்டாம். இரண்டு வயதுக்குள் திரையே கூடாது என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம்.

• ஆயா கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கு, நீங்கள் தமிழ். குழந்தை குழம்பிவிடும் என்று பயப்படாதீர்கள். கொஞ்சவும் கதை சொல்லவும் உங்களுக்கு இயல்பாக வரும் மொழியிலேயே பேசுங்கள்.

• அழுதால் தூக்குங்கள். கைக்குழந்தையைத் தூக்கினால் 'செல்லம் கெட்டுப்போகும்' என்பதில் உண்மையில்லை.

பாசமே வரவில்லை என்றால்?

பிரசவத்துக்குப் பிறகு சில தாய்மார்களுக்குக் குழந்தையைப் பார்த்தால் எதுவுமே தோன்றாது. வாரக்கணக்கில் அழுகையும் தூக்கமின்மையும் நீடிக்கும். "பெத்தவளுக்கே பாசம் இல்லையா?" என்று கேட்காதீர்கள். இது சிகிச்சையில் சரியாகக்கூடிய மனச்சோர்வாக இருக்கலாம். கடுமையான மனநலப் பாதிப்பு உள்ள தாயையும் குழந்தையையும் பிரிக்காமல், ஒன்றாக வைத்தே சிகிச்சை தரும் பிரிவு பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2009 முதல் இயங்குகிறது. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.