உங்களுக்குத் தெரியுமா? தண்டவாளத்தில் போன தேவாலயம்!

தூக்கம் ஐரோப்பாவில், வேலை ஆசியாவில்! ரஷ்யாவின் மாக்னிடோகோர்ஸ்க்வாசிகளுக்கு இது தினசரி வழக்கம். சோவியத் அரசு 1929-ல் வெட்டவெளியில் தொடங்கிய எஃகு நகரம் அது. ஆலை உரால் ஆற்றின் கிழக்குக் கரையில். பெரும்பாலான குடியிருப்புகள் மேற்குக் கரையில். பாலத்தைத் தாண்டினால் கண்டமே மாறிவிடும்!

சோவியத் தலைவர் குருஷேவ் காலத்து அடுக்குமாடிகள் ஏன் 5 மாடியோடு நின்றன? அதற்கு மேல் போனால் லிஃப்ட் வைத்தாக வேண்டுமே! சமையலறை சுமார் 6 சதுர மீட்டர்தான்.

சோவியத்தின் எல்லா ஊரிலும் ஒரே அச்சு வீடுகள். அதை வைத்தே ஒரு சினிமா! மாஸ்கோ டாக்டர் ஒருவர் போதையில் லெனின்கிராடில் போய் இறங்குகிறார். மாஸ்கோ என்று நினைத்து டாக்சியில் தன் வீட்டு விலாசத்தைச் சொல்கிறார். அங்கேயும் அதே தெரு, அதே கதவு எண். சாவியைப் போடுகிறார்... பூட்டு திறந்துகொள்கிறது! 1976 புத்தாண்டில் டிவியில் வந்த இந்தப் படம், பிறகு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வரும் விருந்தாளி ஆகிவிட்டது!

நான் அசந்துபோனது இதற்குத்தான். செக் நாட்டில் மோஸ்ட் என்று ஒரு பழைய ஊர். அதன் அடியில் பழுப்பு நிலக்கரி, நம் நெய்வேலியில் கிடைக்கிறதே, அதேதான். 'ஊரை இடி, கரியை எடு' என்று முடிவானது. தெருத்தெருவாக இடித்தார்கள். 16-ம் நூற்றாண்டு தேவாலயத்தை மட்டும் இடிக்க மனம் வரவில்லை. அடியில் 53 வண்டிகளைக் கொடுத்து, தண்டவாளத்தில் ஏற்றி, நகர்த்தியே விட்டார்கள்! எடை ஏறக்குறைய 10,000 டன். வேகம் நிமிடத்துக்கு சுமார் 2 சென்டிமீட்டர், நத்தையே முந்திவிடும். 1975-ல் 28 நாள் பயணம். கடந்த தூரம் 841 மீட்டர்!

அந்தச் சுரங்கக் குழி இப்போது? ஏரி! 2020 முதல் மக்கள் அதில் நீந்துகிறார்கள்!

முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் லைனஃபெல்டவில், ஆள் குறைந்துபோன 180 மீட்டர் நீளக் கட்டடத்தைக் கேக் போல வெட்டினார்கள். கிடைத்தவை 8 தனித்தனிக் கட்டடங்கள்!

போலந்தின் நோவா ஹூத்தா, 1949-ல் தேவாலயமே இல்லாமல் திட்டமிட்ட தொழிலாளர் நகரம். மக்கள் விடவில்லை, போராடி ஒன்றைக் கட்டினார்கள். 1977-ல் அதை அர்ச்சித்த கர்தினால், மறு ஆண்டே போப் இரண்டாம் ஜான் பால்!

அந்த ஊரின் மையச் சதுக்கத்துக்கு இன்று யார் பெயர்? ரொனால்ட் ரீகன்! அந்த ஊரில் இருந்த பிரமாண்ட லெனின் சிலை? கடல் தாண்டி ஸ்வீடனுக்குப் போய்விட்டது. நிற்கும் இடம், ஒரு கௌபாய் பூங்கா!